ராயபுரம் முதல் எண்ணூர் வரை ஒரு பராமரிப்புப் பயணம்

முதல் நாள், திங்கள்: ராயபுரம்

ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசி முடியும் தறுவாயில், ஐப்பசி அடைமழை இறங்குவதற்கு முன்பாக, மருத்துவக் கருவிகளை நாங்கள் பராமரிக்கும் வடசென்னையின் சிறு மருத்துவமனைகளையெல்லாம் ஒரு சுற்று பார்த்துவிட்டு வருவது எங்கள் குழுவின் வழக்கம். பழுதான பிறகு ஓடுவதை நாங்கள் பிரேக்டவுன் கால் என்போம். பழுதாவதற்கு முன் போய்ப் பார்ப்பதற்குப் பி.எம். என்று பெயர். இந்த ஆறு நாட்களும் பி.எம். வேலைதான். அன்றன்று நடந்ததை அன்றன்று இரவே எழுதிவிடுவது என்று இம்முறை தீர்மானித்திருக்கிறேன்.

குழுவில் நாங்கள் ஐந்து பேர். இருபது ஆண்டுகளுக்கு மேல் அனுபவமுள்ள மூத்த டெக்னீஷியன் ஒருவர், அவரை எல்லோரும் பெரியண்ணன் என்றே அழைக்கிறோம். பயோமெடிக்கல் இன்ஜினியரிங் முடித்த இருவர். டிப்ளமோ முடித்துவிட்டுச் சித்திரையில் சேர்ந்த தம்பி ஒருவன். குழுவை நடத்தும் பொறுப்பு என்னுடையது. வள்ளலார் நகர் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் உள்ள எங்கள் பட்டறையிலிருந்து காலை ஏழரைக்கு வேன் கிளம்பியது. கிளம்புவதற்கு முன், கொண்டுபோகும் சோதனைக் கருவிகளின் கேலிப்ரேஷன் தேதியை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டச் சொன்னேன். நம் கையில் உள்ள அளவுகோலே கோணலாக இருந்தால் அடுத்தவர் கருவியைச் சரி, தவறு என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

பழைய ஜெயில் சாலையில் ஸ்டான்லி மருத்துவமனையைக் கடந்துதான் ராயபுரத்துக்குப் போகவேண்டும். பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றிய சத்திரத்தையொட்டி வளர்ந்த அந்த மருத்துவமனையை எங்கள் பகுதிப் பெரியவர்கள் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள். 1938இல் மருத்துவக் கல்லூரியாக உயர்ந்த அந்த வளாகத்தின் வாசலில் அந்த நேரத்திலேயே கூட்டம் நிறைந்திருந்தது. பெரிய மருத்துவமனைகளுக்கென்று தனியாகப் பொறியாளர்கள் இருக்கிறார்கள். நாங்கள் போவது அவற்றைச் சுற்றியுள்ள தெருக்களில், பத்துப் படுக்கை, இருபது படுக்கை என்று இயங்கும் இடங்களுக்கு. அங்கே ஒரு கருவி நின்றுபோனால் அதற்கு மாற்றாக எடுக்க இன்னொன்று இருக்காது.

முதல் இடம் 1856ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையத்துக்கு அருகில் உள்ள இருபது படுக்கை மருத்துவமனை. ஈ.சி.ஜி. கருவியில் கோடு நடுங்குகிறது என்பது புகார். தாளை எடுத்துப் பார்த்தேன். மெல்லிய கோடாக ஓடவேண்டிய இடத்தில், மை ஊறியதுபோலத் தடித்த பட்டையாக ஓடியிருந்தது. இரண்டு இதயத்துடிப்புகளுக்கு இடையே சின்னஞ்சிறு பற்கள் ஒரே சீராக நெருங்கி நின்றன. வினாடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடும் தாளில் அரை மில்லிமீட்டருக்கு ஒரு பல் இருந்தால் அது 50 ஹெர்ட்ஸ், அதாவது சுவரிலிருந்து வரும் மின்சாரத்தின் சுவடு. இன்ஜினியர்களில் ஒருவர் அதற்குள் கருவியைக் கவிழ்த்து ஸ்க்ரூவில் கைவைத்துவிட்டார். நான் நிறுத்தினேன். இன்னொருவர், ஃபில்டரைப் போட்டுவிட்டால் கோடு சரியாகிவிடும் என்றார். சரியாகத்தான் தெரியும்; ஆனால் எர்த் இல்லாத பிளக் அப்படியே இருக்கும், அதே பிளக்கில் நாளை நோயாளியின் உடம்போடு இணைந்த வேறொரு கருவியைச் செருகுவார்கள்.

வார்டில் இருந்த சிஸ்டரிடம் எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டேன். சுவருக்குப் பெயின்ட் அடித்த பிறகுதான் என்றார் அவர். அந்த ஒரு வாக்கியம் எங்களுக்கு இரண்டு மணி நேரத்தை மிச்சப்படுத்தியது. தம்பியை விட்டு மல்டிமீட்டரை வைக்கச் சொன்னேன். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 14 வோல்ட் காட்டியது; இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்கவேண்டியது அது. புத்தம்புது சுவிட்ச் பலகையைக் கழற்றினால், பச்சை ஒயர் எதிலும் சேராமல் நுனி மழுங்கி, காய்ந்த பெயின்ட்டுக்குள் ஒட்டிக்கொண்டு கிடந்தது. அதைச் சேர்த்த பிறகும் 5 வோல்ட் நின்றது. கட்டடத்துக்குப் பின்னால் போய் எர்த் குழியைப் பார்த்தோம். கோடை முழுக்கத் தண்ணீர் காணாத மண் பிளந்திருந்தது. கடற்காற்றில் குழாயின் கிளாம்ப் துருவேறி, விரலால் தொட்டதும் செதில் செதிலாக உதிர்ந்தது. எர்த் டெஸ்டரில் 11 ஓம். ஒன்றைத் தாண்டினாலே சிவப்பு மையில் குறித்துவைப்பது எங்கள் வழக்கம். கிளாம்ப்பை மாற்றி, குழியில் தண்ணீர் நிறைத்து அளந்தபோது 4 ஓமுக்கு இறங்கியது. புதிய குழி தோண்டித்தான் ஆகவேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம். அதுவரை வாரம் இருமுறை குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவதாக அங்கு வேலைபார்க்கும் ஆயாம்மா பொறுப்பேற்றுக்கொண்டார்.

ஈ.சி.ஜி. கருவியின் மூடியை நாங்கள் திறக்கவே இல்லை. மீதமிருந்த மானிட்டர்களும் சக்ஷன் கருவிகளும் மாலைக்குள் முடிந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

இரண்டாம் நாள், செவ்வாய்: திருவொற்றியூர்

சோதனைக் கருவிகளோடு வேன் முன்னால் போய்விட, நானும் தம்பியும் வண்ணாரப்பேட்டையிலிருந்து மெட்ரோவில் போனோம். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை இந்தத் தடம் நீட்டிக்கப்பட்ட பிறகு, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து செல்லும் வேதனை எங்களுக்குப் பாதியாகக் குறைந்தது. தேரடி நிலையத்தில் இறங்கி, தியாகராஜர் கோயில் பக்கமாக நடந்தால் பத்து நிமிடத்தில் அந்த டயாலிசிஸ் மையம்.

எட்டு இயந்திரங்கள், நாளுக்கு மூன்று ஷிப்ட். இரண்டு இயந்திரங்களில் அடிக்கடி கண்டக்டிவிட்டி அலாரம் அடிக்கிறது என்றும், சென்சார் போய்விட்டது என்று நினைப்பதாகவும் நிர்வாகி சொன்னார். சென்சாரின் விலையைக் கேட்டு ஏற்கெனவே கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். டயாலிசிஸ் திரவத்தில் உப்புகளின் அளவு சரியாக இருக்கிறதா என்பதைக் கண்டக்டிவிட்டி மூலம்தான் இயந்திரம் அறிகிறது. 14 மில்லிசீமென்ஸ் என்பது பொதுவான இலக்கு. அளவு தவறினால் இயந்திரம் கத்திக்கொண்டே திரவத்தை நோயாளியின் பக்கம் விடாமல் வெளியே திருப்பிவிடும்.

எங்கள் கைமீட்டரை எடுத்து அதே திரவத்தை அளந்தோம். இயந்திரம் 13.1 என்றது, எங்கள் மீட்டரும் 13.1 என்றது. இயந்திரம் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது, சென்சாருக்குக் குறையொன்றும் இல்லை. பிறகு ஏன்? டயாலிசிஸ் டெக்னீஷியனாக இருக்கும் பெண் ஒருவர் கைகழுவிக்கொண்டே சொன்னார்: "அக்கா, காலைல அது கத்தவே கத்தாது. மூணாவது ஷிப்ட்லதான்." இந்தத் தகவல் பதிவேட்டின் எந்தப் பக்கத்திலும் இல்லை. ஒவ்வொரு நாளும் 'அலாரம் வந்தது, ரீசெட் செய்யப்பட்டது' என்று மட்டும் எழுதியிருந்தார்கள், நேரம் எழுதவில்லை.

மூன்றாவது ஷிப்ட் தொடங்கும் மாலை நான்கரை வரை காத்திருக்க முடிவு செய்தேன். பெரியண்ணனுக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை. இன்னும் இரண்டு இடங்கள் பாக்கியிருந்தன. அவரையும் ஒரு இன்ஜினியரையும் அந்த இடங்களுக்கு அனுப்பிவிட்டு, மற்ற மூவரும் அங்கேயே இருந்தோம். சும்மா இருக்கவில்லை. ஆர்.ஓ. அறையை முழுக்கப் பார்த்தோம். நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் நான்கு மணி நேரம் என்றால், ஒரு நோயாளியின் ஒரு சிகிச்சைக்கு மட்டும் 120 லிட்டர் திரவம் வேண்டும். அவ்வளவு தண்ணீரும் ஒரு மெல்லிய சவ்வுக்கு அப்பால் அவருடைய ரத்தத்தோடு உறவாடப் போகிறது. மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010இல் திறக்கப்பட்ட கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் நாளுக்கு 10 கோடி லிட்டர் தயாரிக்கும் திறனோடு கட்டப்பட்டது. வடசென்னையின் குழாய்களுக்கு நீர் தரவென்று வந்தது அது. ஆனால் குழாயில் வராத நாளில் லாரித் தண்ணீர், அதுவும் கிடைக்காவிட்டால் போர் தண்ணீர். மூன்றுக்கும் கடினத்தன்மை வேறுவேறு. நல்ல தண்ணீருக்கு என்று வகுத்த கணக்கிலேயே, கடினத்தன்மையைப் போக்கும் சாஃப்ட்னருக்கு உப்பிட்டுக் கழுவிக்கொண்டிருந்தால், போர் தண்ணீர் நாளில் சுண்ணாம்பு தாண்டிவந்து சவ்வில் படியும். இதை நாங்கள் அட்டையில் எழுதி ஆர்.ஓ. அறைக் கதவில் ஒட்டிவிட்டு வந்தோம். கார்பன் தொட்டிக்குப் பின்னால் குளோரின் இருக்கிறதா என்று ஒவ்வொரு ஷிப்டுக்கு முன்பும் பார்க்கவேண்டும் என்பதையும் அதே அட்டையில் பெரிய எழுத்தில் சேர்த்தோம். குளோரின் தாண்டிப் போனால் சிவப்பணுக்கள் உடைந்துவிடும்.

நான்கரைக்கு விடை கிடைத்தது. பைகார்பனேட் பொடியைக் காலையில் கலக்குபவர் நிதானமாக, முழுக்கக் கரையும்வரை கலக்குகிறார். மாலையில் அந்த வேலையைச் செய்பவர் ஒரே ஆள். அவரே படுக்கை விரிப்பும் மாற்றவேண்டும், நோயாளியின் எடையும் பார்க்கவேண்டும். கேனின் அடியில் விரற்கடை உயரத்துக்கு வெள்ளைப் பொடி கரையாமல் படிந்திருந்தது. அந்த இரு இயந்திரங்களின் உறிஞ்சுகுழல் நுனியில் உள்ள சல்லடையை எடுத்து விளக்கில் பிடித்தோம். கல்கண்டு போலப் படிகம் கட்டிப் பாதித் துளைகள் அடைபட்டிருந்தன. வெந்நீரில் கழுவி மாட்டியதும் 13.9. சென்சாருக்குப் பதிலாக, கலக்குவதற்கு ஒரு மோட்டார் வாங்குங்கள் என்றும், மாலை ஷிப்டுக்கு இன்னோர் ஆள் தேவை என்றும் எழுதிக் கொடுத்தேன். இரண்டாவதை எழுத எனக்கு அதிகாரம் உண்டா என்று இன்ஜினியர் கேட்டார். பழுதின் காரணம் அதுவென்றால் அதை எழுதாத சர்வீஸ் ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட் என்பதே என் கருத்து.

மூன்றாம் நாள், புதன்: எண்ணூர்

கத்திவாக்கத்தைத் தாண்டியதும் காற்றின் சுவையே மாறிவிடுகிறது. உதட்டில் உப்பு தெரியும். இங்கே உலோகத்துக்கு ஆயுள் குறைவு என்பது மீனவர்களுக்கு நாங்கள் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது நாங்கள் ஒரு மாதம் இந்தப் பக்கமாகவே அலைந்தோம். தரைத்தளத்தில் நீர் புகுந்த கிளினிக்குகளின் கருவிகளைத் திறந்து, சேறு கழுவி, உலர்த்தி, பிழைப்பவை எவை என்று பிரித்தெடுக்க மட்டுமே அவ்வளவு நாளாயிற்று. அதன் பிறகுதான் எங்கள் ஒப்பந்தத்தில் உள்ள எல்லா இடங்களிலும் யுபிஎஸ்ஸையும் பேட்டரிப் பெட்டியையும் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் வைக்கவேண்டும் என்று நிபந்தனை சேர்த்தோம்.

இன்று ஒரு கிளினிக்கும், அந்தக் கிளினிக் வீட்டுக்குக் கொடுத்துவைத்திருக்கும் மூன்று ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டர்களும். மூன்றாவது வீடு கடலோரக் குப்பத்தில். நுரையீரல் நோயால் படுத்திருக்கும் பெரியவர் ஒருவர் நாளுக்குப் பதினாறு மணி நேரம் அதில்தான் மூச்சு விடுகிறார். அனலைசரை வைத்தால் ஐந்து லிட்டர் ஓட்டத்தில் ஆக்ஸிஜன் 81 சதவீதம். 90க்குக் குறையக் கூடாது. உள்ளே இருக்கும் ஜியோலைட் குருணைகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆக்ஸிஜனை அனுப்புகின்றன. ஈரம் ஏறிவிட்டால் அவை நைட்ரஜனைப் பிடிக்காது. கருவியைச் சுவரோடு ஒட்டி, ஈரத்துணி உலர்த்தும் கொடிக்கு நேர்கீழே வைத்திருந்தார்கள். பின்பக்கச் சல்லடையை உருவினால் சாம்பல் நிறத்தில் கம்பளிபோலத் தூசி.

ஆக்ஸிஜன் குறைந்தால் எரியும் மஞ்சள் விளக்கு எரியவில்லையா என்று கேட்டேன். முன்பக்கத்தில், விளக்கு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கிரிக்கெட் வீரரின் படம் போட்ட ஸ்டிக்கர் இருந்தது. ராத்திரியில் அந்த வெளிச்சம் தாத்தாவின் கண்ணில் குத்துகிறது என்று பேரன் ஒட்டியிருக்கிறான். தாத்தா மீதுள்ள பாசத்தில் செய்தது. நகத்தால் மெல்ல உரித்தெடுத்தேன். உள்ளே விளக்கு மஞ்சளாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. வேனில் இருந்த மாற்றுக் கருவியை வைத்து, 94 சதவீதம் என்று பார்த்த பிறகே கிளம்பினோம். பச்சை என்றால் நல்லது, மஞ்சள் என்றால் உடனே எங்களைக் கூப்பிடவேண்டும் என்று அந்தப் பையனிடமே சொல்லி, எங்கள் எண்ணை அவன் கையாலேயே சுவரில் எழுதவைத்தோம். இதைக் கருவி வைத்த முதல் நாளிலேயே செய்திருக்க வேண்டும். செய்யாதது எங்கள் குழுவின் தவறு. இனி வீட்டுக்குப் போகும் கருவிகளுக்கான படிவத்தில் இது ஒரு வரியாக இருக்கும்.

நான்காம் நாள், வியாழன்: பெரம்பூர்

இந்தியாவின் முதல் வெற்றிகரமான இதய பைபாஸ் அறுவை சிகிச்சை 1975இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில், மருத்துவர் கே. எம். செரியன் கையால் நடந்தது. இதயத்தை நிறுத்தி வைத்துச் செய்யும் அத்தகைய அறுவையில், உடம்புக்கு ரத்தம் அனுப்பும் வேலையை ஓர் இயந்திரம் ஏற்கவேண்டும். அந்த நேரமெல்லாம் அது பிசகாமல் ஓடும்படி பார்த்துக்கொண்ட கைகளும் இருந்திருக்கும். இந்த வட்டாரத்துக்கு வரும்போதெல்லாம் அந்தக் கைகளை நினைத்துக்கொள்வேன். தம்பிக்கும் சொன்னேன்.

இன்று முழுவதும் ஒரே இடம்: மகப்பேறு மருத்துவமனை ஒன்றின் பச்சிளங்குழந்தைப் பிரிவு. குழந்தைக்கு மேலிருந்து சூடு தரும் ஆறு வார்மர்கள், மஞ்சள்காமாலைக்கு நீல ஒளி தரும் நான்கு போட்டோதெரபி விளக்குகள், மருந்தை அளவாகச் செலுத்தும் பத்து சிரிஞ்ச் பம்ப்கள். போட்டோதெரபியில் அதிகச் சிக்கல் இல்லை. நீல ஒளியை அளக்கும் ரேடியோமீட்டரைக் குழந்தை படுக்கும் உயரத்தில் வைத்துப் பார்த்தோம். தீவிர சிகிச்சைக்கு 30 மைக்ரோவாட் வேண்டும். ஒன்றில் 19தான் வந்தது. கண்ணுக்கு நான்கும் ஒரே நீலமாகத்தான் தெரிந்தன. விளக்கை மாற்றினோம்.

வார்மர்தான் அரை நாளைத் தின்றது. நான்காம் எண் வார்மரில் திரை 36.5 காட்டுகிறது, ஆனால் அக்குளில் தெர்மாமீட்டர் வைத்தால் குழந்தைக்கு 35.8தான் இருக்கிறது என்றார் பொறுப்பு சிஸ்டர். முப்பது ஆண்டுகளாகக் குழந்தைகளைப் பார்த்தவர். பாதத்தைத் தொட்டே குளிர்ச்சியைச் சொல்லிவிடுவார். பச்சிளங்குழந்தைக்கு 36.5க்குக் கீழே போவதே நல்லதல்ல. 36க்கும் கீழ் என்றால், பால் குடிக்கவும் மூச்சு விடவும் செலவாகவேண்டிய சக்தி வெறுமனே சூடு காப்பதில் போய்விடும்.

இன்ஜினியர்கள் இருவரும் ஒருமித்துச் சொன்னது, தோல் சென்சார் பழுது, மாற்றிவிடலாம் என்பது. மாற்று சென்சார் பையில் இருந்தது. இரண்டு நிமிட வேலை. மாற்றுவதற்கு முன் பழையது தவறு என்று எனக்குக் காட்டுங்கள் என்றேன். சிஸ்டர்களின் வெந்நீர் பிளாஸ்கை இரவல் வாங்கி, இளஞ்சூட்டில் தண்ணீர் நிரப்பி, எங்கள் தரத் தெர்மாமீட்டரையும் அந்த சென்சாரையும் ஒரே நூலில் கட்டி உள்ளே இறக்கினோம். ஐந்து நிமிடம் யாரும் பேசவில்லை. தெர்மாமீட்டர் 36.4. வார்மர் திரை 36.4. சென்சாரின் மேல் ஒரு குறையும் இல்லை.

குழந்தையை அடுத்த வார்மருக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே சென்சார் எப்படி ஒட்டப்பட்டிருக்கிறது என்று குனிந்து பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. சென்சாரின் மேல் ஒட்டவேண்டிய வெள்ளித்தாள் பூசிய வில்லை தீர்ந்துபோய், அதற்குப் பதிலாகச் சாதாரண வெள்ளை பிளாஸ்டர் ஒட்டியிருந்தார்கள். மேலிருந்து வரும் வெப்பக்கதிரைத் திருப்பியனுப்புவதுதான் அந்த வெள்ளித்தாளின் வேலை. அது இல்லாவிட்டால் ஹீட்டர் சென்சாரை நேரடியாகச் சுட்டுவிடும். சென்சார் தன் சூட்டைக் குழந்தையின் சூடு என்று சொல்லும். குழந்தைக்குப் போதுமான வெப்பம் கிடைத்துவிட்டது என்று ஹீட்டர் தணிந்துவிடும். நான்காம் எண்ணில் மட்டும் அது வெளிப்பட்டதற்குக் காரணம், ஏ.சி.யின் காற்று நேராக அந்தப் படுக்கையின் மேல் விழுந்தது. மூன்று வார்மர்களில் வெள்ளை பிளாஸ்டர்தான் இருந்தது.

எங்கள் பையில் இருந்த பன்னிரண்டு வில்லைகளையும் கொடுத்துவிட்டோம். ஒன்றரை மணி நேரம் கழித்து அதே குழந்தைக்கு அக்குளில் 36.6. சிஸ்டர் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தெர்மாமீட்டரைப் பார்க்காமலே தலையாட்டினார். சில ரூபாய் மதிப்புள்ள வில்லை ஸ்டோர் பட்டியலில் 'இதரப் பொருட்கள்' என்ற தலைப்பின் கீழ் இருந்ததால் யாரும் அதைக் கருவியின் பாகமாக எண்ணவில்லை. அதை வார்மரின் உதிரிபாகப் பட்டியலுக்கு மாற்ற வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போனோம்.

மாலையில் சிரிஞ்ச் பம்ப்கள். பத்தையும் மின் இணைப்பிலிருந்து எடுத்து, பேட்டரியிலேயே முப்பது நிமிடம் ஓடவிட்டு, கையில் கடிகாரத்தோடு நிற்கவேண்டும் என்பது என் விதி. சலிப்பூட்டும் வேலைதான். இந்த விதி எங்கிருந்து வந்தது என்று தம்பி கேட்டதால் அவனுக்குச் சொன்னேன், இங்கேயும் எழுதுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், நான் தனியாக வேலைபார்த்த காலத்தில், ஒரு நர்சிங் ஹோமில் பதினான்கு பம்ப்கள் பார்க்கவேண்டியிருந்தது. பதினொன்றை முறையாகச் சோதித்தேன். இருட்டிவிட்டது. கடைசி மூன்றில், திரையில் பேட்டரிப் படம் நிறைந்திருப்பதைப் பார்த்து டிக் போட்டு ஸ்டிக்கர் ஒட்டினேன். சார்ஜரில் இருக்கும் வரை கிழட்டுப் பேட்டரியும் நிறைந்ததாகத்தான் காட்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. மூன்று வாரம் கழித்து ஒரு பின்னிரவில் மின்சாரம் போய், ஜெனரேட்டர் எடுப்பதற்கு முன் அந்த மூன்றில் ஒன்று நின்றது. அதில் ஓடிக்கொண்டிருந்தது ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்து. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த சிஸ்டர் கையில் டார்ச்சோடு அந்த சிரிஞ்சை வேறு பம்ப்புக்கு மாற்றினார். நோயாளி பிழைத்தார். மறுநாள் அந்தப் பம்ப்பில் என் கையெழுத்தோடு இருந்த ஸ்டிக்கரை நானே உரித்தேன். அந்த சிஸ்டர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இன்று பத்தில் இரண்டு பம்ப்கள் முப்பது நிமிடம் தாங்கவில்லை. ஒன்று பதினெட்டாவது நிமிடத்தில் நின்றது, மற்றொன்று ஆறாவது நிமிடத்திலேயே. இரண்டின் திரையிலும் சோதனைக்கு முன் பேட்டரிப் படம் நிறைந்தே இருந்தது.

ஐந்தாம் நாள், வெள்ளி: வியாசர்பாடி

கணேசபுரம் சுரங்கப்பாதையில் ஒரு மழைக்கே தண்ணீர் தேங்கும் என்பதால், மழைக்காலத்தில் எங்கள் வேன் எந்தப் பக்கமாகச் சுற்றிவர வேண்டும் என்று வரைபடம் போட்டு வைத்தோம். மதியம் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் குடியேறிய பகுதியில் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் சாப்பிட்டோம். இன்றைக்கு எழுதவேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

பழகிய மருத்துவர் ஒருவரின் சிறு மருத்துவமனை. தாறுமாறாகத் துடிக்கும் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் டீஃபிப்ரிலேட்டரைச் சோதித்தோம். நோயாளியின் மார்புக்குப் பதிலாக 50 ஓம் தடை கொண்ட அனலைசரின் தட்டுகளில் பேடிலை அழுத்தி, 200 ஜூல் வைத்து ஷாக் கொடுத்தால், 170க்கும் 230க்கும் இடையே வரவேண்டும். 148 வந்தது. மறுமுறை 146. சார்ஜ் ஏறப் பத்து வினாடிக்குள் முடியவேண்டியது, இருபத்தாறு வினாடி எடுத்தது. இதயம் நின்றவருக்கு அந்தப் பதினாறு வினாடி எவ்வளவு நீளம் என்று சொல்லவேண்டியதில்லை.

மருத்துவர் நல்லவர், ஏழைகளிடம் கட்டணம் வாங்காதவர். ஆனால் அடுத்த வாரம் ஆய்வுக்கு வருகிறார்கள், கருவியை இதுவரை இரண்டு முறைதான் பயன்படுத்தியிருக்கிறோம், இப்போதைக்கு சரி என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள், அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். எங்கள் நிறுவனத்துக்கு ஆண்டுக் கணக்கில் வாடிக்கையாளர். இன்ஜினியர்கள் இருவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அளந்த எண்களை மட்டுமே எழுத முடியும் என்று சொல்லிவிட்டு, 148, 146 என்று எழுதி, 'பயன்படுத்தக் கூடாது' என்ற சிவப்பு அட்டையைக் கட்டினேன். அதோடு விட்டால் அந்த மருத்துவமனையில் இன்றிரவு டீஃபிப்ரிலேட்டரே இல்லை. சிவப்பு அட்டை கட்டுபவர் மாற்றுக்கும் வழி செய்யவேண்டும் என்பது என் கட்சி. பட்டறைக்குப் பெரியண்ணனை ஆட்டோவில் அனுப்பி, எங்கள் இருப்பிலிருந்த கருவியைக் கொண்டுவரச் செய்து, அவர்கள் கண்முன்னே சோதித்து, 197 ஜூல் என்று காட்டிக் கொடுத்தோம். வாடகை வேண்டாம் என்றேன். அதை நிறுவனத்திடம் நான் பேசிக்கொள்கிறேன்.

மருத்துவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அந்த அட்டையைப் புரட்டி எண்களைப் படித்துவிட்டு, கப்பாசிட்டரா, பேட்டரியா என்று கேட்டார். பேட்டரி போயிருக்கிறது, கப்பாசிட்டரையும் சந்தேகிக்கிறோம், திறந்த பிறகே உறுதியாகச் சொல்ல முடியும் என்றேன். எல்லோருக்கும் டீ வரவழைத்தார்.

ஆறாம் நாள், சனி: பட்டறை

இன்று பயணமில்லை. ஐந்து நாள் ரிப்போர்ட்டுகளையும் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றையும் எழுதியவரே உரக்கப் படிக்கவேண்டும் என்பது சனிக்கிழமை வழக்கம்.

அரசு மருத்துவமனைகளுக்காக 2015இல் தொடங்கப்பட்ட தேசியக் கருவிப் பராமரிப்புத் திட்டத்தில், மாவட்ட மருத்துவமனையின் கருவிகள் 95 சதவீத நேரம் இயங்கும் நிலையில் இருக்கவேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். அது வந்த பிறகு மூலையில் முடங்கிக் கிடந்த கருவிகள் எத்தனையோ எழுந்து நின்றன, நல்ல திட்டம். ஆனால் இந்த வாரம் நாங்கள் பார்த்தவற்றை அந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தேன். ராயபுரத்து ஈ.சி.ஜி. இயங்கிக்கொண்டுதான் இருந்தது. எண்ணூர்ப் பெரியவரின் கான்சென்ட்ரேட்டரும், பெரம்பூர் வார்மரும், 148 ஜூல் கொடுத்த டீஃபிப்ரிலேட்டரும் இயங்கிக்கொண்டுதான் இருந்தன. அத்தனைக்கும் இயங்கும் நேரம் நூற்றுக்கு நூறு. இயங்குகிறதா என்ற கேள்விக்கு அடுத்து, சரியாக இயங்குகிறதா என்று எண்ணால் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. எங்கள் படிவத்தில் 'ஓ.கே.' என்று எழுதும் கட்டத்தையே நீக்கிவிட்டு, அந்த இடத்தில் அளந்த எண், அளந்த கருவி, கருவியோடு இருப்பவர் என்ன சொன்னார் என்ற மூன்று கட்டங்களைப் போடச் சொல்லியிருக்கிறேன். மூன்றாவது கட்டம் எதற்கு என்று நிறுவனத்தில் கேட்பார்கள். பெயின்ட் அடித்த பிறகு என்றும், மூன்றாவது ஷிப்டில் என்றும் சொன்ன அந்த இரண்டு வாக்கியங்களையும் காட்டுவேன்.

தம்பி தன் முதல் ரிப்போர்ட்டைப் படித்தான். திருவொற்றியூர் இயந்திரத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தான். சல்லடையில் படிந்த படிகத்தைப் பென்சிலால் வரைந்தும் இருந்தான். எழுத்துப்பிழைகள் உண்டு. பெரியண்ணன் அதை வாங்கி ஒருமுறை படித்துவிட்டு, 'கண்டக்டிவிட்டி'யில் ஒரு புள்ளியைச் சேர்த்து, கையெழுத்திட்டு என்னிடம் நீட்டினார்.

சாயங்காலம் ராயபுரத்திலிருந்து ஆயாம்மா போன் செய்தார். செவ்வாயும் வெள்ளியும் இரண்டிரண்டு குடம் ஊற்றிவிட்டாராம், குழி மண் இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறதாம். திங்கள் காலை முதல் வேலையாக எர்த் டெஸ்டரோடு அங்கே போகிறோம். தம்பிதான் அளக்கப் போகிறான்.